டவுனெண்ட் டாக்டர் வீட்டுக் காகிதங்கள்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பிரிஸ்டல் குளிர் உனக்குப் பழகியிருக்கும் என்று நம்புகிறேன். ஆஸ்பத்திரி மலருக்கு டாக்டர் கிரேஸ் குடும்ப வரலாற்றை எழுதித் தரச் சொல்கிறார்கள், எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால்தான் இந்த நீளக் கடிதம். பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்.

முதலில் ஆளை மாற்றிப் பிடி. கிரேஸ் என்றதும் எல்லோரும் தாடிக்காரர், கிரிக்கெட் வீரர் டபிள்யூ.ஜி. (வில்லியம் கில்பர்ட்) கிரேஸிடம் ஓடுகிறார்கள். அவரைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகங்கள் உண்டு. நீ எழுத வேண்டியது அவருடைய அப்பா ஹென்றி மில்ஸ் கிரேஸைப் பற்றி. 1808 பிப்ரவரி 21-ல் சாமர்செட்டின் லாங் ஆஷ்டனில் பிறந்தார். 1831 நவம்பர் 3-ல் பிரிஸ்டலில் மார்த்தா போகாக்கை மணந்தார். அதன்பிறகு டவுனெண்ட் கிராமத்திலேயே டாக்டராக இருந்து, 1871 டிசம்பர் 23-ல் காலமானார். இன்று டவுனெண்ட் நகரத்தோடு ஒட்டிவிட்டது. அன்று பிரிஸ்டலிலிருந்து நாலு மைல் தள்ளிய தனிக் கிராமம். அக்கம்பக்கமெல்லாம் நிலக்கரிச் சுரங்கம்.

பிள்ளைகள் ஒன்பது பேர். மகன்கள் ஹென்றி, ஆல்ஃபிரட், எட்வர்டு மில்ஸ், வில்லியம் கில்பர்ட், ஜார்ஜ் ஃபிரெடரிக். மகள்கள் ஆனி, ஃபேனி, ஆலிஸ், பிளாஞ்ச். ஐந்து மகன்களும் டாக்டர் ஆனார்கள் என்று பல இடங்களில் படிப்பாய். அதை அப்படியே எடுத்து எழுதாதே. நால்வர்தான் தேறினார்கள். கடைசிப் பையன் ஃபிரெட் படிப்பு முடியும் முன்பே இறந்துவிட்டான். இதைச் சரிபார்க்கப் புத்தகம் தேவையில்லை, மருத்துவப் பதிவேடு போதும்.

அந்தப் பதிவேட்டிலிருந்தே தொடங்கு. 1858-ல் மருத்துவச் சட்டம் வந்தது, 1859-ல் முதல் பதிவேடு அச்சாயிற்று. பெயர், முகவரி, பதிவான தேதி, தகுதியும் அது பெற்ற ஆண்டும் இருக்கும். இப்போது இணையத்திலேயே பார்க்கலாம். ஒரே ஓர் ஆண்டைப் பார்த்துவிட்டு மூடிவிடாதே. நாலைந்து ஆண்டு இடைவெளியில் அடுத்தடுத்துப் பார்த்தால் முகவரி மாறுவதிலிருந்து யார் எப்போது எங்கே தொழில் தொடங்கினார் என்று புரியும். மூத்தவர் ஹென்றி கிங்ஸ்வுட் பக்கம் போனார், ஆல்ஃபிரட் சிப்பிங் சாட்பரிக்கு, எட்வர்டு தார்ன்பரிக்கு. எல்லாமே அப்பா குதிரையேறிப் போய்வரக்கூடிய ஊர்கள்.

1858-க்கு முந்திய தகுதியைத் தேட வேறு வழி. அந்தக் காலத்துக் கிராமத்து டாக்டர் பெரும்பாலும் இரண்டு இடத்துக் காகிதம் வைத்திருப்பார். ஒன்று ராயல் சர்ஜன்ஸ் காலேஜ் உறுப்பினர் பட்டயம், மற்றொன்று அப்பாதிக்கரி சங்கத்தின், அதாவது மருந்து கலந்து கொடுத்து வைத்தியம் பார்ப்பவர்களின் சங்கத்தின், உரிமம். 1815-ம் ஆண்டுச் சட்டப்படி அந்த உரிமத்துக்கு ஐந்து ஆண்டு ஒருவரிடம் பயிற்சி மாணவராக இருந்திருக்க வேண்டும், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். வயதை நிரூபிக்க ஞானஸ்நானச் சான்று காட்ட வேண்டும். அதனால் சங்கத்தின் தேர்வுப் பதிவேட்டில் அப்பா பெயர், யாரிடம் பயிற்சி, எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை மாதம், எந்தெந்த விரிவுரை என்று வரிசையாக இருக்கும். குடும்ப வரலாறு எழுதுகிறவருக்கு இதைவிடக் கொழுத்த ஒரு பக்கம் கிடைக்காது. ஆனால் பலரும் நேரே காலேஜின் வாழ்க்கைக் குறிப்புத் தொகுப்பைப் புரட்டிவிட்டு, பெயர் இல்லையே, இவர் டாக்டரே இல்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தத் தொகுப்பு ஃபெல்லோ என்ற உயர்நிலைக்குப் போனவர்களுக்கு மட்டும். சாதாரண உறுப்பினர் அதில் வர மாட்டார்.

டபிள்யூ.ஜி.யின் வரியைப் பதிவேட்டில் பார்க்கும்போது ஆண்டைக் கவனி. 1868 அக்டோபரில் பிரிஸ்டல் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தவர், 1879 நவம்பரில்தான் தேறினார். பதினோரு ஆண்டு! இடையில் 1871-ல் அப்பா சாவு, 1873 அக்டோபரில் கல்யாணம், கையோடு ஆஸ்திரேலியப் பயணம், அதற்கு மேல் ஒவ்வொரு கோடையும் கிரிக்கெட். தகுதியும் எடின்பரோவில் ஒன்று, லண்டனில் ஒன்று. பிறகு ஸ்டேப்பிள்டன் ரோட்டில் இருபது ஆண்டு தொழில். விளையாட்டு நாட்களில் கூலிக்கு மாற்று டாக்டர்களை வைத்துக்கொண்டார். பெயர்ப்பலகையில் அவர் பெயர் இருந்தாலும், கோடையில் நோயாளியின் நாடி பிடித்தது பெரும்பாலும் வேறு கைதான்.

அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. உனக்கு வேண்டிய இரவுகள் 1841 ஜூன் 6, 1851 மார்ச் 30, 1861 ஏப்ரல் 7, 1871 ஏப்ரல் 2, 1881 ஏப்ரல் 3. அந்த இரவில் அந்த வீட்டில் படுத்தவர் பெயர் மட்டுமே வரும். மகன் வெளியூரில் பயிற்சியில் இருந்தால் அவனை அங்கே தேட வேண்டும். 1841-ஐ மட்டும் நம்பித் தொலையாதே. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைக் கீழே இருக்கும் ஐந்தின் மடங்குக்கு இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கணக்கில் 33 வயது டாக்டர் 30 ஆகிவிடுவார். யார் யாருக்கு என்ன உறவு என்றும் எழுதவில்லை. பிறந்த ஊரும் கிடையாது, இதே கவுண்டியா (நம் மாவட்டம் போன்ற பிரிவு) இல்லையா என்பது மட்டும்தான். 1851-லிருந்து உறவும் ஊரும் வருகின்றன. அதில் டபிள்யூ.ஜி. இரண்டு வயதுப் பிள்ளை, ஃபிரெட் மூன்று மாதக் கைக்குழந்தை. 1861 முதல் டாக்டர்கள் எந்தக் காலேஜில் தேறினார்கள், இப்போது தொழில் செய்கிறார்களா என்பதையும் எழுத வேண்டும் என்று படிவமே கேட்டது. பதிவேட்டோடு ஒத்துப்பார்.

1911-ஐ விட்டுவிடாதே. வீட்டுக்காரர் கைப்பட நிரப்பிய தாளே பாதுகாக்கப்பட்டது அந்த ஆண்டிலிருந்துதான். அதில் திருமணமான பெண் எத்தனை குழந்தை பெற்றாள், எத்தனை உயிரோடு இருக்கிறது என்ற கேள்வி இருக்கும். டபிள்யூ.ஜி.யின் மனைவி ஆக்னஸுக்கு நான்கு பிறந்து இரண்டு இறந்தது என்று வர வேண்டும். மகள் பெஸ்ஸி 1899-ல் டைபாய்டில் போனாள், மூத்தவன் 1905-ல் குடல்வால் அறுவைக்குப் பின் போனான். எண் ஒத்துவந்தால் நீ சரியான தாளைப் பிடித்திருக்கிறாய் என்று பொருள்.

பிறப்பு, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1-ல் தொடங்கியது. 1833-ல் பிறந்த மூத்தவர் ஹென்றிக்கு அரசுச் சான்றிதழ் கிடையாது. கோயில் ஞானஸ்நானப் பதிவேடுதான் கதி. பிரிஸ்டல் மறைமாவட்டத்தின் பதிவேடுகள் அங்கேயுள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நீ நடந்தே போகலாம். பதிவேட்டில் இருப்பது ஞானஸ்நானம் நடந்த நாள், பிறந்த நாள் அல்ல. டபிள்யூ.ஜி. பிறந்தது 1848 ஜூலை 18, ஞானஸ்நானம் ஆகஸ்டு 8. இரண்டுக்கும் மூன்று வாரம். சில வீடுகளில் நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரே நாளில் கொடுத்து முடித்திருப்பார்கள், அங்கே ஆண்டே தவறும்.

1837-க்குப் பிந்தியவர்களைத் தேடும்போது மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. டவுனெண்ட் இருந்தது மாங்காட்ஸ்ஃபீல்டு பாரிஷில், குளோஸ்டர்ஷயர் கவுண்டியில். ஆனால் பதிவு மாவட்டம் ஆற்றுக்கு அக்கரையில், சாமர்செட்டில் உள்ள கெய்ன்ஷம். பிரிஸ்டல் என்று போட்டுத் தேடி ஒன்றும் கிடைக்காமல் கைவிட்டவர்கள் பலர். அட்டவணை காலாண்டு வாரியாக இருக்கும், அதுவும் பதிவு செய்த தேதிப்படி. டிசம்பர் 23-ல் இறந்தவரின் பதிவு புத்தாண்டுக்குப் பிறகு எழுதப்பட்டிருந்தால் அடுத்த ஆண்டின் முதல் காலாண்டில் போய் உட்கார்ந்திருக்கும். எப்போதும் ஒரு காலாண்டு தள்ளியும் பார். பிறப்புக்கு ஆறு வாரம் அவகாசம் இருந்ததால் அங்கே இது இன்னும் அதிகம்.

பழைய அச்சு அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 1911-க்குப் பிறகுதான் வரும். அரசு புதிதாகத் தயாரித்த இணைய அட்டவணையில் 1837-லிருந்தே போட்டிருக்கிறார்கள். எட்வர்டுக்கு இது இல்லாமல் முடியாது. மனிதர் நான்கு கல்யாணம் செய்தவர், பதினெட்டுப் பிள்ளைகள் என்கிறார்கள். எந்தப் பிள்ளை எந்தத் தாய்க்கு என்று பிரிக்க அந்த ஒரு பத்திதான் உதவும்.

ஃபிரெட்டின் சாவு வேறு பாடம். 1880 செப்டம்பர் 6 முதல் 8 வரை ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து மண்ணின் முதல் டெஸ்ட். எட்வர்டு, டபிள்யூ.ஜி., ஃபிரெட் மூவரும் ஒரே அணியில் ஆடினார்கள். டபிள்யூ.ஜி. 152 அடித்தார். ஃபிரெட் இரண்டு இன்னிங்ஸிலும் முட்டை, ஆனால் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் பானரை அவுட்டாக்க அவன் பிடித்த கேட்ச் இன்றும் பேச்சு. இரண்டு வாரம் கழித்து, 22-ம் தேதி, நுரையீரல் நோயால் பேசிங்ஸ்டோக் ஊரில் ஒரு ஹோட்டலில் இறந்தான். வயது 29. இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். கெய்ன்ஷத்திலும் பிரிஸ்டலிலும் எத்தனை முறை தேடினாலும் அவன் கிடைக்க மாட்டான், ஹாம்ப்ஷயரில் தேடு. அடக்கம் மட்டும் டவுனெண்டில். சான்றிதழை வாங்கினால் தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, தகவல் கொடுத்தவர் யார் என்ற இரண்டையும் பார். தேறாத மாணவனைக் குடும்பம் எப்படிச் சொல்லிக்கொண்டது என்பதற்குச் சாட்சி அதுதான்.

இறப்புக் காரணங்களைப் படிக்கும்போது உன் இன்றைய மருத்துவ மூளையைக் கொஞ்சம் ஓரம் வை. டாக்டர் சான்று கொடுத்தாக வேண்டும் என்பதே 1874-ம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வந்தது. அதற்கு முன் அண்டை வீட்டுக்காரர் சொன்ன காரணமும் ஏறியிருக்கும். டைபஸையும் டைபாய்டையும் அரசுப் புள்ளிவிவரம் தனித்தனியாகப் பிரித்தது 1869-ல்தான். அதற்கு முந்திய சான்றிதழில் டைபஸ் என்றிருந்தால் எதுவாகவும் இருக்கலாம்.

உயில்களைத் தேட 1858 ஜனவரி 12 எல்லைக்கல். அதற்குப் பிறகு மத்திய பதிவகத்தின் ஆண்டு நிரல்தான். ஒரு சின்னப் பத்தியில் பெயர், தொழில், இறந்த இடமும் நாளும், நிறைவேற்றுபவர், சொத்து மதிப்பு எல்லாம் அடங்கிவிடும். மதிப்பை மட்டும் வைத்து ஏழை, பணக்காரர் என்று தீர்ப்பெழுதாதே. கிராமத்து டாக்டரின் சொத்தில் பாதி வசூலாகாத கடன்தான். பல இடங்களில் வருடத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸை ஒட்டித்தான் கணக்கு தீர்ப்பார்கள். சுரங்கத்தில் வேலை நின்றால் அதுவும் வராது.

அந்தக் காலத்து டாக்டர் எவருடையதாவது தினப்பேரேடு ஆவணக் காப்பகத்தில் உன் கைக்குக் கிடைத்தால் ஒரு நாள் முழுக்க அதோடு உட்கார். மருந்தை அவரே கலந்து கொடுத்த காலம் அது. அளவுகளை முதலில் தெரிந்துகொள். 20 கிரெயின் ஒரு ஸ்க்ரூப்பிள், மூன்று ஸ்க்ரூப்பிள் ஒரு டிராம், எட்டு டிராம் ஒரு அவுன்ஸ். திரவத்துக்கு 60 மினிம் ஒரு டிராம். டிராமுக்கான குறி நம் 3 போலவே, மேலே ஒரு வளைவோடு இருக்கும். அவுன்ஸுக்கு அதன் தலையில் இன்னொரு கொம்பு. மை மங்கிய தாளில் கொம்பைத் தவறவிட்டால் எட்டு மடங்கு பிழை. குறியை எண் மூன்று என்று படித்துவிட்டால் அதற்கும் மேல். எண்கள் ரோமன் எழுத்தில்தான். கடைசி ஒன்றுக்கு மட்டும் வால் நீட்டி எழுதுவார்கள், பிறகு யாரும் ஒரு கோடு சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக. 1864-ல் வந்த பிரிட்டிஷ் பார்மகோபியா என்ற அதிகாரபூர்வ மருந்து நூல் 480 கிரெயின் அவுன்ஸை விட்டுக் கடைக்காரர்களின் 437.5 கிரெயின் அவுன்ஸுக்கு மாறிவிட்டது. ஆனாலும் பழைய டாக்டர்களின் கை உடனே மாறவில்லை. கட்டணம் பவுண்டு, ஷில்லிங், பென்ஸில் இருக்கும். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. வசதியானவரிடம் வாங்கியது கினி, அதாவது 21 ஷில்லிங்.

பத்திரிகைகளில் தேடும்போது கிரேஸ் என்ற பெயரே உனக்கு எதிரி. பெண்களின் முதற்பெயராகவும் வரும், பிரபுவைக் குறிக்கும் மரியாதைச் சொல்லாகவும் வரும். நம் டாக்டர் பியூஃபோர்ட் பிரபுவின் வேட்டைக் கூட்டத்தோடு குதிரையில் போனவர். கிரேஸ், பியூஃபோர்ட் என்ற இரண்டு சொல்லையும் சேர்த்துப் போட்டால் வருவதெல்லாம் பிரபுவின் வாழ்த்துச் செய்திதான். சர்ஜன், டவுனெண்ட், மாங்காட்ஸ்ஃபீல்டு என்று சேர்த்துத் தேடு. ஹென்றிகளும் மூன்று பேர்: அப்பா, மூத்த மகன், டபிள்யூ.ஜி.யின் இரண்டாவது மகன். அம்மா மார்த்தாவின் தம்பி ஒருவர் ஆல்ஃபிரட் போகாக், இந்தப் பையன்களுக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். மகன் ஆல்ஃபிரட்டோடு குழப்பிவிடாதே. எட்வர்டு 1875 முதல் கொரோனர், சந்தேகச் சாவுகளை விசாரிக்கும் அதிகாரி. கொரோனர்களின் காகிதங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. உள்ளூர்ப் பத்திரிகை மரண விசாரணையை வரி விடாமல் போட்டது நம் அதிர்ஷ்டம். அவர் விளையாட்டு முடியும்வரை பிணத்தை ஐஸில் வைக்கச் சொன்னார் என்ற கதையை எங்கும் சொல்வார்கள். விசாரணைத் தேதியையும் ஆட்டத் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அதை மலரில் ஏற்றாதே.

இனி நான் முக்கியமாக நினைப்பது. இந்த வீட்டில் நான்கு பெண் பிள்ளைகள் இருந்தார்கள். 1850-ல் செஸ்நட்ஸ் என்ற வீட்டுக்குக் குடிபோனபோது அப்பா பழத்தோட்டத்தை வெட்டி ஆடுகளம் போட்டார். பெண்களும் நாய்களும் பந்து பொறுக்க மட்டும்தான் என்று டபிள்யூ.ஜி. பின்னாளில் சொன்னாராம். புத்தகங்களும் அவர்களை அந்த எல்லைக்கோட்டிலேயே நிறுத்திவிட்டன. அவர்களைக் கண்டுபிடிக்கத் திருமணச் சான்றிதழ்தான் வழி. அதில் மணமகன், மணமகள் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் இருக்கும். தாய் பெயர் 2021 வரை அதில் இடம்பெறவில்லை. சாட்சிகளின் கையெழுத்தையும் படி, சகோதரிகள் அங்கேதான் நிற்பார்கள். ஆலிஸ், தம்பி டபிள்யூ.ஜி.யின் பள்ளி ஆசிரியர் டேவிட் பார்னார்டை மணந்தார். பிளாஞ்ச் 1869-ல், தம்பிக்கு வீட்டில் பாடம் சொன்ன உதவிப் போதகர் ஜான் டானை மணந்தார். வீட்டுக்குள் வந்துபோன படித்த ஆண்களுக்கே பெண்கள் வாக்கப்பட்டார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

அவர்கள் ஏன் டாக்டர் ஆகவில்லை என்ற கேள்விக்கு ஆண்டுகளே பதில். 1865-ல் எலிசபெத் காரெட் அதே அப்பாதிக்கரி உரிமத்தைப் பெற்றார். உடனே சங்கம் விதியை மாற்றிக் கதவைச் சாத்தியது. பெண்களைத் தேர்வுக்கு அனுமதிக்கலாம் என்ற சட்டம் 1876-ல்தான் வந்தது. அதற்குள் நால்வரும் தம்பி டபிள்யூ.ஜி.யைவிட மூத்தவர்கள், முப்பதைத் தொடுவதோ தாண்டுவதோ ஆன வயது. அதற்கு ஓராண்டு முன், 1875-ல், நம் சென்னை மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லிப் உட்பட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மலரில் இதை ஒரு வரி சேர், அங்கே பலருக்குத் தெரியாது.

அம்மா மார்த்தாவுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கு. அவருடைய அப்பா ஜார்ஜ் போகாக், பிரிஸ்டலில் பள்ளி நடத்தியவர், பட்டம் இழுக்கும் வண்டிக்கு 1826-ல் காப்புரிமை வாங்கியவர். 1824-ல் முப்பதடிப் பட்டத்தில் நாற்காலி கட்டி மகள் மார்த்தாவை உட்காரவைத்து ஏறக்குறைய 270 அடி உயரத்துக்குத் தூக்கினார்! அந்தச் சிறுமிதான் பின்னாளில் எட்வர்டை அணியில் சேர்க்கச் சொல்லி அணித்தலைவர் ஜார்ஜ் பாருக்குக் கடிதம் எழுதி, இவனுக்குத் தம்பி ஒருவன் இருக்கிறான், பின்காலில் ஆடுவதில் இவனைவிடத் தேர்ந்தவன் என்றும் சேர்த்தவர். 1884 ஜூலையில் அவர் இறந்த செய்தி மகன்கள் ஆடிக்கொண்டிருந்த மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்துக்கு வந்தது. நடந்துகொண்டிருந்த ஆட்டத்தை அப்படியே நிறுத்தினார்கள். அந்த வார மான்செஸ்டர் பத்திரிகையையும் பிரிஸ்டல் பத்திரிகையையும் இரண்டையும் எடுத்துப் பார். ஒன்று ஆட்டத்தைச் சொல்லும், மற்றது ஊர்வலத்தில் யார் யார் நடந்தார்கள் என்று சொல்லும். மருமகன்களின் பெயர் உனக்கு அந்த இரண்டாவதில்தான் கிடைக்கும்.

சனிக்கிழமை காப்பகத்துக்குப் போவதானால் முந்தியே இடம் பதிவு செய்துகொள். உள்ளே பேனா விட மாட்டார்கள், பென்சில் எடுத்துப் போ. ஒவ்வொரு தாளின் ஆவண எண்ணையும் அங்கேயே எழுதிக்கொள். வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்துத் தேடலாம் என்று விட்டால் மறுபடி போக வேண்டிவரும். டவுனெண்ட் கிறைஸ்ட் சர்ச் கல்லறைகளைக் காலை வெயில் சாய்வாக விழும்போது படமெடு, எழுத்து பளிச்சென்று தெரியும். டபிள்யூ.ஜி.யை அங்கே தேடாதே, அவர் லண்டன் பக்கம் எல்மர்ஸ் எண்டில் இருக்கிறார். அம்மா கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளச் சொல்கிறாள். முதல் வரைவு வந்ததும் அனுப்பு, தேதிகளை நான் ஒருமுறை பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா